ஒப்பனைப் பொருள்களும் அகிம்சை அணுவிரதமும்: ஒரு வரலாற்று நோக்கு

கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றிய நம் முன்னோர் உணவில் காட்டிய விழிப்பை உலகம் அறியும். கள்ளும் ஊனும் தேனும் விலக்கினர். பொழுது சாய்ந்தபின் உண்ணாதிருந்தனர். நீரையும் துணியில் வடித்தே பருகினர். விசயமங்கலத்துச் சந்திரப்பிரபர் சினாலயமும், பெருங்கதை இயற்றிய கொங்குவேளிரும், நன்னூல் தந்த பவணந்தி முனிவரும் கொங்கு நாட்டில் இவ்வறம் ஆழ வேரூன்றியிருந்தமைக்குச் சான்றுகள். தொண்டை நாட்டு ஊர்களிலிருந்து தொழிலின் பொருட்டுக் கோவைக்கும் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்கள் அடுக்களையில் அவ்விழிப்பை இன்றும் கைவிடவில்லை.

ஆயினும் அடுக்களையில் கேட்கும் கேள்வியைக் குளியலறை அலமாரியின் முன் நின்று நாம் கேட்கிறோமா? சோப்பு, ஷாம்பு, முகப்பூச்சு, உதட்டுச் சாயம், தலைச்சாயம் ஆகியவற்றின் உறையில் ஒரு முயலின் படமும் ‘குரூவல்ட்டி ஃப்ரீ’ என்ற தொடரும் அச்சிடப்பட்டிருந்தால் அதனை நம்பி வாங்கலாமா? விலங்குச் சோதனைகளின் வரலாற்றையும், அவற்றைத் தடுத்த சட்டங்களின் வரலாற்றையும் நம் அறநூல்கள் தந்த அளவுகோலால் அளந்து இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறநூல்கள் தரும் அளவுகோல்

இல்லறத்தார்க்குரிய ஒழுக்கத்தை வகுத்துரைக்கும் நூல்களுள் சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் தலையாயது. அதன் வழியில் அமைந்த தமிழ் நூல் அருங்கலச்செப்பு. அகிம்சை அணுவிரதம் இன்னது என்று சமந்தபத்திரர் கூறுமிடத்தில் இயங்கும் உயிர்களை எண்ணித் துணிந்து துன்புறுத்தாமையே அது என்பர். மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் துன்புறுத்தலாகாது. தானே செய்தலும், பிறரைக் கொண்டு செய்வித்தலும், பிறர் செய்வதற்கு உடன்படுதலும் ஆகிய மூன்றும் விலக்கத்தக்கன. கிருதம், காரிதம், அனுமதம் என்று வடநூலார் இவற்றை வழங்குவர்.

இவ்விரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்து என்றும் அந்நூல் எண்ணுகிறது. உறுப்பறுத்தல், கட்டிவைத்தல், வருத்துதல், தாங்க இயலாப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. உழவும் வாணிகமும் செய்யும் இல்லறத்தான் தன் தொழிலிலும் வீட்டு வேலையிலும் நேரும் சிற்றுயிர்த் துன்பத்தை முற்றும் தவிர்க்க இயலாது. ஆனால் எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்ப இம்சையை அவன் முழுமையாக நீக்கியே ஆக வேண்டும் என்பது நம் மரபு. இந்த அளவுகோலை மனத்திற் கொண்டு வரலாற்றைக் காண்போம்.

முயலின் கண்

விலங்குச் சோதனை தொடங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 1930களில் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ என்ற கண்ணிமைச் சாயத்தைப் பூசிக்கொண்ட பெண்கள் சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். பார்வை இழந்தோரும் உண்டு. இத்தகைய கேடுகளுக்குப் பின்னர் 1938ஆம் ஆண்டில் அந்நாட்டில் உணவு, மருந்து, ஒப்பனைப் பொருள் சட்டம் இயற்றப்பட்டது. பொருளின் பாதுகாப்பைக் காட்ட ஒரு வழி தேவைப்பட்டது. 1944ஆம் ஆண்டில் ஜான் டிரைஸ் என்னும் அமெரிக்க அரசு அறிவியலாளர் வகுத்த முறை அந்த வழியாயிற்று.

வெள்ளை முயலின் ஒரு கண்ணில் சோதனைப் பொருளை இட்டு, மற்றொரு கண்ணோடு ஒப்பிட்டுச் சிவப்பையும் வீக்கத்தையும் புண்ணையும் நாள்தோறும் குறிப்பது இம்முறை. இந்நோட்டம் மூன்று வாரம் வரையும் நீளும். முயல் தன் முன்காலால் கண்ணைத் துடைத்துவிடாதபடி கழுத்தை மட்டும் வெளியே விடும் சட்டத்தில் அதனைப் பிணித்துவைப்பது வழக்கமாக இருந்தது. இதற்கு முன்பே, 1927இல், டிரெவன் என்பார் மருந்துகளின் நச்சுத்தன்மையை அளக்க ஒரு முறை வகுத்திருந்தார். சோதனைக்கு உட்பட்ட விலங்குகளில் பாதி மாளும் அளவு எது என்று காண்பது அது. அம்முறையும் பின்னாளில் ஒப்பனைப் பொருள்களுக்குப் பரவிற்று. கட்டிவைத்தல், வருத்துதல் என்று சமந்தபத்திரர் எண்ணிய குற்றங்கள் ஆய்வுக்கூடத்தில் அன்றாட நெறியாயின. இவை அறியாமல் நேர்ந்த இம்சை அல்ல. நாளும் அளவும் குறித்துச் செய்யப்பட்ட சங்கல்ப இம்சை.

1980ஆம் ஆண்டில் ஹென்றி ஸ்பைரா என்பவர் அமெரிக்க நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு, அழகின் பெயரால் எத்தனை முயல்களைக் குருடாக்குவீர்கள் என்னும் பொருள்பட ரெவ்லான் நிறுவனத்தைக் கேட்டார். அதன் பின்னரே மாற்று முறை ஆய்வுக்குப் பெரு நிறுவனங்கள் பொருள் ஒதுக்கத் தொடங்கின. நம் நாட்டில் ‘பியூட்டி வித்தவுட் குரூவல்ட்டி’ அமைப்பின் இந்தியக் கிளை 1974இல் புனேயில் தோன்றி, ஒப்பனைப் பொருள்களில் உள்ள விலங்குப் பொருள்களைப் பற்றியும் சோதனைகளைப் பற்றியும் மக்களுக்கு எடுத்துரைத்து வந்தது.

இந்தியச் சட்டம் கடந்த மூன்று படிகள்

இந்திய விலங்கு நலச் சட்டத்தின் வரலாற்றில் ஒரு தமிழ்ப் பெண்மணிக்குத் தனியிடம் உண்டு. மதுரையில் பிறந்து, சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். விலங்கு வதையைத் தடுக்க அவர் ஒரு தனிநபர் மசோதாவை அவையில் கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கூற, அவர் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார். 1890ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டத்திற்கு மாற்றாக 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது ருக்மிணி தேவியே அதன் முதல் தலைவரானார். வாரியத்தின் தலைமையகமும் பல்லாண்டுக் காலம் சென்னையிலேயே இருந்தது.

அச்சட்டம் சோதனைகளை முற்றும் தடுக்கவில்லை. உடலியல் அறிவை வளர்க்கவும், உயிர் காக்கவும், துன்பம் தணிக்கவும், நோயை எதிர்க்கவும் பயன்படும் அறிவின் பொருட்டு நடத்தும் சோதனைகள் குற்றமாகா என்றது. அழகு வளர்த்தல் அப்பட்டியலில் இல்லை. ஆயினும் ஒப்பனைப் பொருளுக்குத் தனித்தடை வர அரை நூற்றாண்டு ஆயிற்று. 2013 ஜூன் மாதத்தில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குழு, ஒப்பனைப் பொருள்களுக்கான தர விதியிலிருந்து விலங்குச் சோதனையை நீக்க முடிவு செய்தது. இது முதற்படி. 2014 மே மாதத்தில் மருந்து மற்றும் ஒப்பனைப் பொருள் விதிகள் திருத்தப்பட்டு, ஒப்பனைப் பொருளைச் சோதிக்க எவரும் எந்த விலங்கையும் பயன்படுத்தலாகாது என்று ஆயிற்று. இது இரண்டாம் படி. அதே ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த மற்றொரு விதி, பிற நாடுகளில் விலங்குகளிடத்துச் சோதித்த ஒப்பனைப் பொருள்களை இங்கே இறக்குமதி செய்வதையும் தடுத்தது. இது மூன்றாம் படி. 2020 டிசம்பரில் வெளியான ஒப்பனைப் பொருள் விதிகளிலும் இத்தடைகள் தொடர்கின்றன. தெற்காசியாவில் இத்தகைய தடையை முதலில் விதித்த நாடு இந்தியா.

நம் அளவுகோலால் அளந்தால் இதன் பொருள் தெளிவாகும். இரண்டாம் படி ‘செய்தலை’த் தடுத்தது. மூன்றாம் படி, பிற நாட்டில் ‘செய்வித்து’ப் பொருளை மட்டும் இங்கே கொணரும் வழியை அடைத்தது. ‘உடன்படுதலை’ எந்த அரசும் சட்டத்தால் தடுக்க இயலாது. அது வாங்குவோர் மனத்தில் உள்ளது. ஊனை விலைகொடுத்து உண்பார் இல்லையாயின் விற்பாரும் இரார் என்னும் கருத்தைத் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் நமக்கு முன்பே உணர்த்தியுள்ளது.

உறையில் உள்ள சொல்லும் அதன் உண்மையும்

அங்ஙனமாயின் நிறுவனங்களின் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம்? ‘குரூவல்ட்டி ஃப்ரீ’ என்பது சட்டம் வரையறுத்த சொல் அன்று என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே தெளிவாகக் கூறுகிறது. முடிந்த பொருளை மட்டும் சோதிக்காமல், அதில் சேரும் மூலப்பொருளைச் சோதித்த நிறுவனமும் இச்சொல்லை அச்சிட இயலும். தான் சோதிக்காமல், தனக்குப் பொருள் தருவோரும் கூலிக்கு ஆய்வு செய்யும் கூடங்களும் சோதிக்க விட்ட நிறுவனமும் அச்சிட இயலும்.

‘சட்டம் வேண்டும் இடங்களில் தவிர’ என்று சிறு எழுத்தில் வரும் விலக்கும் உண்டு. சீன நாடு இறக்குமதி ஒப்பனைப் பொருள்களுக்கு நெடுங்காலம் விலங்குச் சோதனையைக் கட்டாயமாக்கி வைத்திருந்தது. 2021 மே முதல் நாள் தொடங்கி, உரிய உற்பத்திச் சான்று உள்ள பொது ஒப்பனைப் பொருள்களுக்கு அதனைத் தளர்த்தியது. தலைச்சாயம், வெயில் காப்புப் பூச்சு முதலிய சிறப்பு வகைகளுக்கு அத்தளர்வு பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 மார்ச் மாதம் முதல் சோதித்த பொருளின் விற்பனைக்கே தடை உள்ளது. அங்கும் வெயில் காப்புப் பூச்சில் சேரும் இரு வேதிப்பொருள்களை, தொழிலாளர் பாதுகாப்பைக் கருதி வேதிப்பொருள் சட்டத்தின்கீழ் விலங்குகளில் சோதிக்க வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. அதனை எதிர்த்துச் சிம்ரைஸ் நிறுவனம் தொடுத்த வழக்குகளை ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2023 நவம்பரில் தள்ளிவிட்டது. ஒரு சட்டம் மூடிய கதவை மற்றொரு சட்டம் திறந்துவிடுவதற்கு இது எடுத்துக்காட்டு.

எனவே முத்திரைகளையும் வேறுபடுத்தி அறிய வேண்டும். 1996இல் விலங்கு நல அமைப்புகள் கூடி ஏற்படுத்திய ‘துள்ளும் முயல்’ முத்திரையைப் பெற விரும்பும் நிறுவனம், ஒரு நாளைக் குறித்து அதன்பின் தன் மூலப்பொருள்களிலும் சோதனை இல்லை என்று உறுதி கூற வேண்டும். பொருள் தருவோரைக் கண்காணிக்க வேண்டும். வெளியார் தணிக்கைக்கும் உடன்பட வேண்டும். நிறுவனம் தானே வரைந்துகொண்ட முயல் படத்திற்கு இக்கட்டுப்பாடு எதுவும் இல்லை. பச்சைப் புள்ளியும் பொருளில் சேர்ந்ததைக் குறிக்குமேயன்றிச் சோதனையைக் குறிக்காது. செம்பூச்சிச் சாயம், தேன்மெழுகு, ஆட்டு மயிரின் கொழுப்பாகிய லானோலின் ஆகியவை சோதனையற்ற பொருளிலும் இருக்கலாம்.

மாற்று வழிகள்

சோதனையின்றிப் பாதுகாப்பை எவ்வாறு அறிவது என்று வினவுவோர்க்கு நம் அருகிலேயே ஒரு விடை உண்டு. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கிற்று. வெறிநாய்க்கடிக்கு நம் நாட்டில் நெடுங்காலம் இடப்பட்ட ஊசிமருந்து, நோய்க் கிருமி ஏற்றிய ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்டதாகும். வயிற்றில் நாள்தோறும் இட்ட அவ்வூசிகளைக் கோவைப் பகுதி முதியோர் மறந்திரார். உயிர்காக்கும் தேவை என்று அது நியாயம் பெற்றிருந்தது. அம்மருந்து சிலருக்கு நரம்புத் தளர்ச்சி நோயும் தந்தது. 2004இன் இறுதியில் நாடெங்கும் அதன் உற்பத்தி நின்றது. உயிரணு வளர்ப்பில் செய்த, அதனினும் பாதுகாப்பான மருந்து அதன் இடத்தைப் பெற்றது. குன்னூர் நிறுவனமும் அப்புதிய மருந்தை உருவாக்கிற்று. உயிர்காக்கும் மருந்திலேயே இம்மாற்றம் கூடுமாயின், உதட்டுச் சாயத்தில் கூடாது என்பதற்கு நியாயம் ஏது?

ஒப்பனைப் பொருளுக்கும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதத் தோல் அடுக்கும், கணினிக் கணிப்பும் இன்று உலகம் ஏற்ற முறைகளாயின. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் முகமது அக்பர்ஷா முதல் இயக்குநராக இருந்து நடத்திய மகாத்மா காந்தி – டோரன்காம்ப் மையம், கல்வியிலும் ஆய்விலும் விலங்குகளுக்கு மாற்று காணும் பணியைத் தமிழகத்தில் முன்னெடுத்தது. ஆயினும் நாம் ஒன்றை நுணுகி நோக்க வேண்டும். மாற்று முறைகள் எனப்படுவனவற்றுள் ஒன்று கசாய்க்கூடத்து மாட்டின் விழியைக் கொண்டு செய்வது. உயிரணு வளர்ப்பிற்கும் கொல்லப்பட்ட சினைமாட்டின் கருவிலிருந்து எடுத்த குருதிநீர் பெரிதும் பயன்படுகிறது.

ஆட்டுப் பலிக்கு மாற்றாக மண்ணால் செய்த ஆட்டுருவைக் காளிக்குப் படைக்குமாறு முனிசந்திர முனிவர் கூறியதாக நீலகேசியின் தொடக்கம் உரைக்கிறது. யசோதர காவியமோ, கொல்லும் எண்ணத்தோடு மாவினால் செய்த கோழியை வெட்டியவர்க்கும் வினை தொடர்ந்ததைக் காட்டுகிறது. மாற்று என்ற பெயர் மட்டும் போதாது, அதன் உள்ளே உள்ளதையும் காண வேண்டும் என்பதே இரு நூல்களையும் சேர்த்துக் கற்பார் பெறும் தெளிவு.

நாம் செய்யத்தக்கன

சில பொருள்களுக்குப் புதிய சோதனையே வேண்டியதில்லை. கொங்குச் சீமையில் எண்ணெய்க் குளியலுக்கு அரப்புத் தூளும் சிகைக்காயும், மேனிக்கு ஈரோட்டு மஞ்சளும் பயற்றமாவும், தலைக்குக் காங்கேயத்துத் தேங்காயெண்ணெயும் பல தலைமுறை பயின்று தெளிந்தவை. ஆனால் பழையன எல்லாம் தூயன என்று கொள்வதும் பிழை. புனுகு பூனையைக் கூண்டில் அடைத்து எடுக்கப்பட்டது. கஸ்தூரி மானைக் கொன்று பெறப்பட்டது.

வாங்கும் பொருளைப் பற்றி மூன்று வினாக்களை நாம் எழுப்பலாம். நிறுவனம் தானே சோதிக்கிறதா? அதற்காகப் பிறர் எவரேனும், எந்த நாட்டிலேனும் சோதிக்கிறார்களா? இவ்விரண்டிற்கும் சான்று தரும் வெளித் தணிக்கை உண்டா? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்ற மூன்றும் இவ்வினாக்களுள் அடங்கும். விடை கிடைக்காத பொருளை விலக்கலாம். ஒரு குடும்பம் எழுதும் மடலுக்கு நிறுவனம் விடை தராமலிருக்கலாம். நம் சங்கங்களும் அறக்கட்டளைகளும் ஒன்றுகூடி இதே வினாக்களை எழுதி, வரும் விடைகளை ஆண்டுதோறும் மலரில் வெளியிட்டால் அது அனைவர்க்கும் பயன்படும்.

முழுமையாகத் துன்பமற்றது என்று எந்த நிறுவனத்தையும் இன்று உறுதியாகச் சொல்ல இயலாமற் போகலாம். அணுவிரதம் என்னும் சொல்லுக்கே சிறு நோன்பு என்பது பொருள். இயன்ற அளவு அறிந்து, அறிந்த அளவு விலக்கி நடப்பது இல்லறத்தார் கடன். முயலும் ஐம்பொறியும் மனமும் உடைய உயிர் என்பதை நினைந்து, அலமாரியில் உள்ள ஒரு பொருளையேனும் இத்திருநாளில் எடுத்து ஆராய்வோமாக.

அகிம்சை அறம் ஓங்குக!