கறந்த பாலும் மால்டா ஜுரமும்

மத்தியதரைக் கடலிலுள்ள மால்டா தீவில் பாசறையமைத்திருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களை நெடுங்காலமாக வாட்டி வந்த ஒரு ஜுரம், வாரக்கணக்கில் ஏறுவதும் இறங்குவதுமாக நின்று, பிழைத்தெழுந்தவனையும் மூட்டு வலியிலும் சோர்விலும் மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்திவிடும் இயல்புடையதாக இருந்தது. அதற்குக் காரணமான கிருமியை 1887-இல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ வைத்தியர் இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்து பிரித்தெடுத்தார்; அது ஆட்டுப்பாலின் வழியாகவே மனிதரைச் சேருகிறதென்பது, 1905-இல் அத்தீவினரான தெமிஸ்டோகிளீஸ் சம்மித் செய்த சோதனைகளால் விளங்கிற்று. மறு ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பால் விலக்கப்பட்டதும் பாசறையில் ஜுரம் வெகுவாகத் தணிந்தது. தீவின் குடிமக்களோ வழக்கம்போல் அந்தப் பாலையே அருந்தி, வழக்கம்போல் நோயுற்று வந்தனர்.

இதற்கிடையே, 1897-இல் டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் என்ற கால்நடை மருத்துவர், பசுக்களின் கன்றுவீச்சு நோய்க்கு வேறொரு கிருமியைக் காரணமாகக் கண்டிருந்தார். ஆட்டுக் கிருமி கோள வடிவினது என்றும், மாட்டுக் கிருமி கோல் வடிவினது என்றும் சாஸ்திர நூல்கள் வகுத்திருந்தமையால், ஒன்று மனித வைத்தியர்களின் பொறுப்பிலும் மற்றது மிருக வைத்தியர்களின் பொறுப்பிலுமாக ஒதுங்கிக் கிடந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுமென்ற எண்ணம் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அது தோன்றியது, அமெரிக்க விவசாய இலாகாவின் பால்பண்ணைப் பிரிவில் உத்தியோகம் பார்த்த ஆலிஸ் இவான்ஸ் என்ற பெண்மணிக்கு. பென்ஸில்வேனியா மாகாணத்தில் நீத் என்னும் சிற்றூரில் 1881-இல் பிறந்து, கல்லூரிப் படிப்புக்குப் பொருளில்லாமையால் நான்காண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்து, கிராமத்து உபாத்தியாயர்களுக்காகக் கார்னெல் சர்வகலாசாலை இலவசமாக நடத்திய வகுப்பின் மூலம் விஞ்ஞானத்துக்குள் வந்து சேர்ந்தவர் அவர். 1909-இல் அங்கே கிருமியியலில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு விஸ்கான்ஸினில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பெண்ணொருத்தி நிரந்தர உத்தியோகத்துக்கு வருகிறாள் என்ற செய்தி கேட்டுக் காரியாலயத்தார் கலங்கிப் போனதைப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

நோயின் அறிகுறி ஏதுமற்ற பசுவின் மடியிலிருந்து அப்போதே கறந்த பாலில் என்னென்ன கிருமிகள் உள்ளன என்பது வாஷிங்டனில் அவருக்கு வாய்த்த ஆராய்ச்சி. அப்பாலில் பாங் கண்ட கிருமி அடிக்கடி தென்படவே, அவர் அதனை மால்டாக் கிருமியோடு ஒப்பிடலானார். ஒரு கிருமிக்கு எதிராகப் பிராணியின் உடலில் உண்டாகும் சீரத்தை, அக்கிருமி கலந்து கலங்கலாயிருக்கும் திரவத்தில் விட்டால், கலங்கல் திரண்டு சிறுசிறு துகள்களாகக் குழாயின் அடியில் படிய, மேலே திரவம் தெளிந்து நிற்கும். ஆட்டுக் கிருமிக்குரிய சீரம் மாட்டுக் கிருமியையும், மாட்டுக் கிருமிக்குரியது ஆட்டுக் கிருமியையும் அவ்வாறே திரளச் செய்தன. இரண்டும் நெருங்கிய இனம் என்றும், அங்ஙனமாயின் பசுவின் பச்சைப்பாலும் மனிதருக்கு நோய் தரக்கூடுமன்றோ என்றும் 1917-இல் அமெரிக்கக் கிருமியியலாளர் சங்கத்தில் அவர் எடுத்துரைத்தார்; மறு ஆண்டு கட்டுரையும் வெளிவந்தது.

சபை நம்பவில்லை. இத்துணை எளிய ஒப்புமை உண்மையாயின் ஐரோப்பியப் பண்டிதர்கள் இதற்குள் கண்டிருக்க மாட்டார்களா என்றனர் சிலர். பால் காய்ச்சும் இயந்திரம் விற்போருக்கு அவர் உடந்தை என்றுகூடப் பால் வியாபாரிகளிடையே பேச்செழுந்தது. எதிர்த்தவர்களில் தலையாயவர் தியோபால்ட் ஸ்மித். மனிதரின் க்ஷயரோகக் கிருமியும் மாட்டின் க்ஷயரோகக் கிருமியும் வெவ்வேறு என்று நிறுவிப் பெருங்கீர்த்தி எய்திய அம்மேதை, ஆட்டுக் கிருமியும் மாட்டுக் கிருமியும் ஒன்றை ஒன்று ஒத்தவை என்ற வாதத்தை எளிதில் ஏற்காததில், பகையைவிடப் பழக்கத்தின் பங்கே மிகுதி என்பது என் அபிப்பிராயம். பட்டமும் பதவியும் அவரிடமிருக்க, டாக்டர் பட்டம்கூட இல்லாத இவான்ஸிடம் சோதனைக் குழாய்கள் மட்டுமே இருந்தன.

1920-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் கார்ல் மேயரின் ஆராய்ச்சி இவான்ஸின் முடிவை மெய்ப்பித்தது. இரு கிருமிகளும் புரூஸின் பெயரால் புரூஸெல்லா என ஓரினமாயின. மலேரியா என்றும் டைபாய்டு என்றும் முன்பு எழுதப்பட்ட ஜுரங்கள் சில, மறுபடி பரீக்ஷித்தபோது பாலினால் வந்தவையெனத் தெரிந்தன. 1922-இல் அந்தக் கிருமி ஆராய்ச்சிசாலையிலேயே இவான்ஸைத் தொற்றிக்கொண்டது. விட்டுவிட்டு வந்த ஜுரம் ஏறத்தாழ இருபதாண்டுகள் அவரை அலைக்கழிக்க, இரத்தப் பரிசோதனையில் பிடிபடாத நாட்களில் அதை நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிவிட்ட வைத்தியர்களும் இருந்தனர். அவ்விதம் நோயோடிருந்த காலத்திலேயே, 1928-இல், முன்பு தம்மை நம்பாத அதே சங்கத்துக்கு முதல் பெண் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சுமார் 63 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்தால் பாலில் இக்கிருமி மடிகிறது. 1930-களில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அவ்வாறு சூடேற்றிய பாலே விற்கலாமென்ற விதி பரவிற்று. மந்தைகளிலிருந்து நோயையே களையும் முயற்சி தொடங்கியதோ வேறொரு காரணத்தால்: 1934-இல் கடும் வறட்சி நேர்ந்து, தீவனமின்றி மாடுகளைக் குறைத்தே தீரவேண்டிய நிலை உண்டானபோது, எவற்றை முதலில் கழிப்பது என்ற கேள்விக்கு விடையாக, சர்க்கார் பசுக்களின் இரத்தத்தைப் பரிசோதித்து, கிருமியுள்ளவற்றைப் பண்ணையாரிடமிருந்து ஈடு கொடுத்து வாங்கிக் கொல்லத் தொடங்கிற்று.