தோற்கத் தெரிந்த பெண்

பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் தோற்றுவிட்டு ஒரு குழந்தை முகம் வாடி வீட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைத்தான் சொல்வோம். "நடுவர் சரியில்லை, நியாயமாக உனக்குத்தான் பரிசு வந்திருக்க வேண்டும்" என்போம். இல்லையென்றால், "போகட்டும் விடு. ஓட்டமா நாளைக்குச் சோறு போடப் போகிறது? படிப்பைக் கவனி" என்போம். இரண்டும் அன்பினால் பிறக்கும் வார்த்தைகளே. ஆனால் இரண்டுமே குழந்தையின் கையிலிருந்து அதன் தோல்வியைப் பிடுங்கிக்கொண்டு விடுகின்றன. அப்படிப் பிடுங்கி எறியத்தக்க பொருள்தானா தோல்வி? அமெரிக்காவில் ஒரு சிறுமிக்கு அதுவே முதலாக அமைந்த வரலாறு ஒன்று உண்டு.

1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் டென்னஸி மாகாணத்தில், கிளார்க்ஸ்வில் என்ற ஊரை அடுத்து, ஏழைக் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் வில்மா ருடால்ஃப் பிறந்தாள். குறைமாதக் குழந்தை, எடை நாலரை ராத்தல். தகப்பனார் ரயில்வே போர்ட்டர். தாயார் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்து வந்தார். தகப்பனாரின் இரண்டு தாரத்துப் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணினால் 22 பேர், வில்மா இருபதாவது. நாலைந்து வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு இடது கால் சூம்பியது. காலில் இரும்புச் சட்டம் ஏறியது.

கறுப்பின மக்களுக்கு நல்ல வைத்தியம் வேண்டுமானால் ஐம்பது மைல் தள்ளி நாஷ்வில் நகரத்துக்குப் போக வேண்டும். தாயார் மகளை அழைத்துக்கொண்டு வாராவாரம் பஸ் ஏறினார். பஸ்ஸில் முன்னிருக்கைகள் வெள்ளையருக்கு, இவர்களுக்குப் பின்வரிசை. வீட்டிலோ, அண்ணன்மாரும் அக்காமாரும் முறை வைத்துக்கொண்டு தினம் நாலு வேளை அந்தக் காலைப் பிடித்து உருவிவிட்டார்கள். பன்னிரண்டு வயது முடிவதற்குள் இரும்புச் சட்டம் போய்விட்டது.

கதை எழுதுகிற எவனும் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடத்தான் ஆசைப்படுவான். நடக்க முடியாதவள் நடந்தாள், ஓடினாள், சுபம். சரித்திரத்துக்கு அந்த அவசரம் இல்லை. கால் குணமாவது வேறு, மனம் உரம் ஏறுவது வேறு. இரண்டாவதற்கு இனிமேல்தான் பாடம் ஆரம்பமாகிறது.

உயர்நிலைப் பள்ளியில் வில்மா கூடைப்பந்து ஆடினாள்; ஓடினாள். பக்கத்து ஊர்ப் பெண்களோடு ஓடிய பந்தயங்களில் வெற்றி மேல் வெற்றி. பயிற்சி என்று பெரிதாக எதுவும் கிடையாது. நீண்ட கால்கள் இருந்தன. அவை ஜெயித்துக் கொடுத்தன. அந்த உற்சாகத்தோடு அலபாமா மாகாணத்து டஸ்கீகி நகருக்கு ஒரு பெரிய பந்தயத்துக்குப் போனாள். அங்கே வந்திருந்தவர்கள் முறையாகப் பழகிய பெண்கள். புறப்படும் வித்தை தெரிந்தவர்கள். மூச்சை எங்கே சேமிப்பது, எங்கே செலவழிப்பது என்று அறிந்தவர்கள். வில்மா கலந்துகொண்ட பந்தயம் ஒவ்வொன்றிலும் தோற்றாள். ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்துத் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, இந்தத் தோல்வியை அவள் மறைக்கவில்லை. அதற்கு முக்கியமான இடமே கொடுத்தாள். பிறவித் திறமை மட்டும் போதாது என்று டஸ்கீகியில்தான் அவளுக்கு விளங்கியது. நொறுங்கிப்போனவள், நாள் தவறாமல் ஓட ஆரம்பித்தாள். அவளுடைய திறமையை முன்பே கவனித்திருந்த டென்னஸி மாகாணக் கல்லூரிப் பயிற்சியாளர் எட் டெம்பிள், அவளைக் கோடைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார்.

டெம்பிள் கண்டிப்பானவர். ஒரு நிமிஷம் தாமதமானால் மைதானத்தை ஒரு முறை சுற்றி வர வேண்டும். ஒரு நாள் வில்மா தூங்கிப்போய் முப்பது நிமிஷம் பிந்தி வந்தாள். முப்பது சுற்று ஓடினாள். மறுநாள் முப்பது நிமிஷம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தாள். ஆனால் வெறும் கண்டிப்பு மட்டும் ஒரு மனத்தை வளர்த்துவிடாது. 1958இல் வில்மா ஒரு பெண் குழந்தைக்குத் தாயானாள். தாயானவர்களைக் குழுவில் சேர்ப்பதில்லை என்ற தம் விதியை அவளுக்காகத் தளர்த்தியவரும் அதே டெம்பிள்தான். குழந்தையைக் குடும்பத்தார் பார்த்துக்கொண்டார்கள்.

இதற்கு முன்பே, 1956இல், பதினாறு வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குப் போயிருந்தாள். 200 மீட்டரில் இறுதிப் பந்தயத்துக்கே தேறவில்லை. தொடர் ஓட்டத்தில் வெண்கலம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் பெட்டி கத்பர்ட் என்ற பதினெட்டு வயதுப் பெண் மூன்று தங்கம் வென்றதை அருகிலிருந்து பார்த்தாள். டஸ்கீகி இல்லாமல் மெல்போர்னுக்கு வந்திருந்தால் அந்தக் காட்சி அவளை ஒடித்திருக்கலாம். தோல்வி அவளுக்கு இப்போது பழகிய முகம். அதனிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

1960, ரோம். முதல் பந்தயத்துக்கு முந்தின நாள் கணுக்கால் பிசகியது. மறுநாள் ஓடினாள். ஓட்டங்களுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் பதைபதைத்துக்கொண்டிராமல், படுத்து ஒரு தூக்கம் போட்டாள் என்பார்கள். மன உறுதி என்றால் பல்லைக் கடிப்பது என்று எண்ணுகிறோம். அது சில சமயம் நிம்மதியான தூக்கமாகவும் இருக்கிறது! 100 மீட்டரில் தங்கம். 200 மீட்டரில் தங்கம். தொடர் ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கோல் கைமாறும்போது தடுமாறி, கிட்டத்தட்ட நழுவவே பார்த்தது. ஜெர்மன் பெண் முந்திவிட்டாள். வில்மா விரட்டிப் பிடித்துத் தாண்டினாள். மூன்றாவது தங்கம். ஒரே ஒலிம்பிக்கில் ஓட்டங்களில் மூன்று தங்கம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் அவள்.

அதே ரோமில் பெட்டி கத்பர்ட் காயத்தினால் பின்தங்கிப் போனாள் என்பதையும் சொல்ல வேண்டும். 1964இல் டோக்கியோவுக்குத் திரும்பி வந்து, அவள் 400 மீட்டரில் தங்கம் வென்றாள். தோற்கத் தெரிந்தவர்கள் ஒருவரல்லர்.

1960ஆம் ஆண்டு அக்டோபரில் கிளார்க்ஸ்வில் தன் பெண்ணுக்கு வரவேற்புக் கொடுக்க விரும்பியது. அந்த ஊர் வழக்கப்படி வெள்ளையரும் கறுப்பரும் ஒரே நிகழ்ச்சியில் சேர்ந்திருப்பதில்லை. அப்படிப் பிரித்து நடத்துவதானால் தான் வர முடியாது என்று வில்மா சொல்லிவிட்டாள். இருபது வயதுப் பெண். எதிரே நிற்பது ஓர் ஊரின் நெடுநாள் வழக்கம். ஊர்தான் இறங்கி வந்தது. ஊர்வலத்திலும் விருந்திலும் இரு நிறத்தாரும் கலந்துகொண்டார்கள். அந்த ஊரில் அதுவே முதல் தடவை.

பஸ்ஸின் பின்வரிசையில் இரும்புக் காலோடு உட்கார்ந்து போன குழந்தைக்கு ரோம் மூன்று பதக்கம்தான் கொடுத்தது. "முடியாது" என்று அமைதியாகச் சொல்லும் தைரியம் அதற்கு முன்பே, யாரும் கைதட்டாத ஒரு டஸ்கீகி மாலையில், அவளுக்குள் விழுந்த விதை. அன்று யாரும் அவளுடைய தோல்வியை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.