தலையைத் தொலைத்த வால்

தூத்துக்குடியில் எந்தத் தெருவிலும் காதில் விழக்கூடிய வாக்கியம் இது: “ஏட்டி, மோட்டாரை ஆஃப் பண்ணிரு.” இந்த ‘ஆஃப்’ வெறும் வால்தான். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஸ்விட்ச்’ என்றோ ‘டர்ன்’ என்றோ ஒரு தலை உண்டு. வால் மட்டும் நம் வீட்டுக்குள் வந்து சேர ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ போன்ற இந்தச் சிறுசொற்கள் பெரும்பாலும் வினைச்சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தன. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வைக்கிங்குகள் இங்கிலாந்துக்குக் கொள்ளையடிக்க வந்தார்கள். பிறகு அங்கேயே நிலம் உழுது, பெண் எடுத்துத் தங்கிவிட்டார்கள். அவர்கள் பேச்சில் சிறுசொல் வினைக்குப் பின்னால் வரும். கேட்டுக்கேட்டு அக்கம்பக்கத்தாருக்கும் அந்தப் பழக்கம் தொற்றியது. பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் எழுதிய வரலாற்றுக் குறிப்பில், 1137-ஆம் ஆண்டுப் பதிவில், ‘கிவ் அப்’பின் பாட்டனைப் பார்க்கலாம். மன்னர் ஸ்டீபன் ஆயர்களைப் பிடித்து, கோட்டைகளை விட்டுக்கொடுக்கும்வரை சிறையில் வைத்தார் என்கிறது அது. இன்று சிகரெட்டை விடுவதற்குச் சொல்கிற சொல், அன்று கோட்டைக்கு உரியதாக இருந்திருக்கிறது!

1755-ல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வெளிநாட்டாரை மிகவும் திணறடிப்பது இந்த வினைக்கூட்டுகள்தான் என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். நம் பிள்ளைகள் அதை இன்றும் உறுதிப்படுத்துகிறார்கள்.

இதற்கிடையே தூத்துக்குடி இருக்கும் முத்துக்குளித்துறைக் கரைக்கு வேறு மொழிகள் வந்து போய்க்கொண்டிருந்தன. போர்த்துக்கீசியர் நமக்குச் சாவி, மேசை, அலமாரி தந்தார்கள். 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்களின் மொழியோ ஆங்கிலத்துக்குப் பங்காளி. அதிலும் இந்தச் சிறுசொற்கள் உண்டு. அகராதியில் வினைக்கு முன்னால் ஒட்டி நிற்பவை வாக்கியத்தில் பிரிந்து பின்னால் போய்விடும். ஆனால் முத்தும் சங்கும் துணியும் வாங்கிய அவர்கள் கைகளிலிருந்து தமிழுக்கு வந்தது அந்தச் சிறுசொற்கள் அல்ல, ‘துட்டு’ என்ற காசின் பெயர். சந்தையில் முதலில் கைமாறுவது பொருள். அதோடு அதன் பெயரும் வந்துவிடும். வினைச்சொல் அப்படிச் சுலபமாக வராது.

1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1876-ல் ரயில் வந்தது. கொழும்புக் கப்பல்களில் இங்கேதான் ஏறினார்கள். ஆங்கில வினைகள் நுழைவதற்குத் தமிழிடம் ஓர் அருமையான வாசல் தயாராக இருந்தது: ‘பண்ணு’. எந்தச் சொல் வந்தாலும் அதன் பின்னால் ‘பண்ணு’ நின்றுகொள்ளும். காலம், இடம், மரியாதை எல்லாவற்றையும் அதுவே சுமக்கும்.

இந்தத் துறைமுக ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது ‘சைன் ஆன்’. வணிகக் கப்பல் தலைவர்கள் மாலுமிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்தாக வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1729-ல் சட்டம் போட்டது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் வேலையில் சேர்ந்ததாக அர்த்தம். “தம்பி சைன் ஆன் பண்ணிட்டாம்ல, ஒம்பது மாசம் கழிச்சுத்தான் சைன் ஆஃப்” என்று இன்று ஒரு வீட்டில் சொல்லும்போது அந்தப் பழைய காகிதம்தான் பேசுகிறது. கன்டெய்னர் உலகத்துக்கும் இப்படித் தனிச் சொற்கள் உண்டு. சரக்கைக் கொண்டுவந்து சேர்க்கும் கெடு ‘கட் ஆஃப்’. கப்பலில் இடம் கிடைக்காமல் கரையில் நின்றுவிட்டால் ‘ஷட் அவுட்’. பாடப்புத்தகப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, துறைமுக வாசலில் அரைநாள் நின்றால் இவை நன்றாகப் பிடிபடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆங்கிலேயர் விளக்கைத் தலைக்கும் வாலுக்கும் நடுவிலேயே செருகிப் பேசுவார்கள்: ‘ஸ்விட்ச் த லைட் ஆஃப்’. தமிழர் அப்படிப் பிரிப்பதில்லை. ‘லைட்டை ஸ்விட்ச் ஆஃப் பண்ணு’ என்று சேர்த்தே வைத்தார்கள். பிறகு நாக்குக்குச் சுமை என்று தலையை வெட்டிவிட்டார்கள். ‘பண்ணு’ இருக்கும்போது ‘ஸ்விட்ச்’ எதற்கு? இந்தக் கணக்கு மிகச் சரியானது. ‘பிக்கப்’ நேர்மாறாக, முழுசாகவே வந்து பெயர்ச்சொல்லாகிவிட்டது: “வண்டியில பிக்கப் இல்ல.” தேர்வு விண்ணப்பத்தை ‘ஃபில் அப்’ பண்ணுகிறோம், கிரிக்கெட்டிலிருந்து வந்த ‘அவுட்’ எங்கும் உலவுகிறது.

வந்தவை இங்கே குட்டியும் போட்டிருக்கின்றன. “காலையிலேயே மூட் அவுட் ஆயிட்டேன்” என்று லண்டனில் சொன்னால் விளங்காது. சொற்கள் இரண்டும் ஆங்கிலம்தான். சேர்த்துத் தைத்தது நாம்.