கொட்டாங்கச்சி போன போர்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில், 1914-18 போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவுச் சின்னத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கொட்டாங்கச்சி ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

1915 ஏப்ரல் 22 மாலை. பெல்ஜியத்தில் ஈப்ர் என்ற ஊருக்கு அருகே ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். (பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அது ஈப்ர், ஆங்கிலச் சிப்பாய்கள் வாயில் அது வைப்பர்ஸ் ஆகிவிட்டது.) எதிரே பிரெஞ்சுப் படை, அதில் அல்ஜீரியப் பிரிவும் இருந்தது. யாரிடமும் முகமூடி கிடையாது. முதலில் ஈரத்துணியை மூக்கில் கட்டிச் சமாளித்தார்கள். குளோரினுக்கு அது ஓரளவு தாங்கியது. அந்த டிசம்பரில் ஃபாஸ்ஜீன் வந்தபோது வெறும் ஈரத்துணி பயன்படவில்லை.

அப்போதுதான் கரி கைகொடுத்தது. ரஷ்யாவில் வேதியியலாளர் ஜெலின்ஸ்கி 1915-லேயே கரி முகமூடி செய்தார். மற்ற நாடுகளும் கரி டப்பாவுக்கு மாறின. எந்தக் கரி நல்லது என்று சோதித்துப் பார்த்ததில் கொட்டாங்கச்சிக் கரிதான் முன்னால் நின்றது. கெட்டியானது, நுண்துளைகள் அதிகம். அமெரிக்காவுக்குப் போதுமான கொட்டாங்கச்சி கிடைக்கவில்லை. 1918-ல் பீச் பழக்கொட்டை, வால்நட் ஓடு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு முகமூடிக்கு 7 பவுண்டு, அதாவது 3 கிலோவுக்குச் சற்று மேல், கொட்டை வேண்டும் என்பது அன்றைய கணக்கு.

அடுப்புக்கரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கரியை 800, 900 டிகிரி சூட்டில் நீராவியில் வாட்டுகிறார்கள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறந்துகொள்கின்றன. ஒரே ஒரு கிராம் கரியின் உள்பரப்பைப் பிரித்து விரித்தால் சுமார் 1000 சதுர மீட்டர், கால் ஏக்கர் வரும்! நச்சுவாயுவும் துர்நாற்றமும் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பிரெஞ்சில் இதை ஷார்போன் அக்தீஃப் என்பார்கள்.

இன்று நம் வீட்டுக் குடிநீர் வடிகட்டியில் இருப்பதும் இதே கரிதான். காங்கயம் பக்கம் கொட்டாங்கச்சி கரியாவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் உள்ள குளோரின் வாடையை, கெட்ட ருசியை அது எடுத்துவிடும். உப்பை எடுக்காது, கிருமியையும் நம்பி அதனிடம் விட முடியாது. துளைகள் நிரம்பினால் வேலையும் நின்றுவிடும். போர்முனையிலும் டப்பாவை மாற்றிக்கொண்டேதான் இருந்தார்கள். எங்கள் வீட்டு வடிகட்டியில் கரியை மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது. நாளைக்கே ஆளை வரச் சொல்ல வேண்டும்.