படகு வாளி

படகு வாளி என்பது பாய்மரப் படகுகளிலும் பிற சிறு கலங்களிலும் கடல்நீரை முகக்கவும், உட்புகுந்த நீரை இறைத்து வெளியேற்றவும், தளத்தைக் கழுவவும், தீயணைக்கவும் பயன்படும் கைப்பிடியுள்ள கொள்கலன் ஆகும். தோற்றத்தில் வீட்டு வாளியை ஒத்திருப்பினும், இது தாங்க வேண்டிய விசைகள் மிகப் பெரியவை.

செயற்படும் விசைகள்

நகரும் படகிலிருந்து வாளியை நீரில் இடும்போது அதன் மீது இழுவிசை செயற்படுகிறது. இவ்விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். அதாவது வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். வாயின் விட்டம் 30 செ.மீ. உள்ள வாளியை, மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் செல்லும் படகு இழுத்துச் சென்றால், கயிற்றில் ஏறத்தாழ 25 முதல் 30 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை உண்டாகும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டவரின் கை காயமுறலாம். அவர் கடலில் விழவும் கூடும். ஆகையால் கயிற்றைக் கையில் சுற்றுதல் கூடாது. படகின் வேகத்தைக் குறைத்தபின், வாளியை முன்னோக்கிக் கவிழ்த்து எறிந்து, அது பின்தங்குவதற்குள் தூக்கிவிடுவது வழக்கம்.

கொள்ளளவு

நிரம்பிய 10 லிட்டர் வாளியில் உள்ள கடல்நீரின் நிறை ஏறத்தாழ 10.25 கிலோகிராம் ஆகும். இதைவிடப் பெரிய வாளியை ஆடும் தளத்தில் நின்று தொடர்ந்து தூக்குதல் கடினம். உலகப் பாய்மரப் படகோட்ட அமைப்பின் கடற்பந்தயச் சிறப்பு விதிகள், குறைந்தது 9 லிட்டர் கொள்ளளவும் கயிறும் உடைய இரண்டு உறுதியான வாளிகளைக் கோருகின்றன.

செய்பொருட்கள்

* கித்தான்: மடித்து வைக்கலாம், தளத்தைக் கீறாது. ஈரத்துடன் மூடி வைத்தால் உளுத்துப்போகும்.
* துத்தநாகம் பூசிய இரும்பு: வலிமையானது. பூச்சு தேய்ந்தபின் துருப்பிடிக்கும். காந்தத் திசைகாட்டிக்கு அருகில் வைத்தால் அதன் அளவீட்டைப் பாதிக்கும்.
* நெகிழி: மலிவானது, துருப்பிடிக்காது. புற ஊதாக் கதிர்களால் நாளடைவில் நொறுங்கும் தன்மை பெறும்.
* இரப்பர்: கட்டுமான வேலைக்கான தடித்த இரப்பர் வாளிகள் அடிபட்டாலும் எளிதில் உடைவதில்லை.

கைப்பிடி

பெரும்பாலான வாளிகள் முதலில் பழுதடைவது கைப்பிடி உடலுடன் சேரும் இடத்திலேயே ஆகும். மெல்லிய கம்பி, நெகிழித் துளையை அறுத்துக்கொண்டு வெளிவந்துவிடும். எனவே வாங்கும் முன் இவ்விணைப்பைச் சோதித்தல் வேண்டும். கம்பியை நீக்கி, விளிம்பின் கீழ் இரு துளைகளிட்டுத் தடித்த கயிற்றைக் கோத்து முடிச்சிடுவதும் உண்டு. எறிகயிற்றின் மறுமுனையைப் படகில் கட்டினால் வாளி கைதவறினும் தொலையாது. ஆனால் படகு விரைந்து செல்லும்போது வாளி நீரிலேயே இருந்தால் கைப்பிடி பிய்ந்துவிடும்.

அறிவியலில்

19ஆம் நூற்றாண்டு முதல் கப்பல்களில் வாளியால் நீர் முகந்து கடற்பரப்பு வெப்பநிலை அளக்கப்பட்டது. கித்தான் வாளியின் சுவரில் கசியும் நீர் ஆவியாவதால் உள்ளிருக்கும் நீர் குளிர்ந்து, அளவீடு உண்மையைவிடக் குறைவாகக் காட்டியது. மண்பானை நீர் குளிர்வதும் இதே முறையிலாகும். இதனால் பழைய பதிவுகளைக் காலநிலை ஆய்வில் பயன்படுத்தும்போது, வாளியின் வகைக்கேற்பத் திருத்தம் செய்யப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* பாய்மரப் படகு
* இழுவிசை
* கடல்நீர்