டெட்லிஃப்ட் தூக்கலில் கணைக்காலைக் காத்தல்

தரையில் கிடக்கும் பளுத்தண்டை இடுப்பளவுக்குத் தூக்கி நிமிரும் பயிற்சி டெட்லிஃப்ட். கணைக்காலின் முன்பக்கத்தில் எலும்பின்மேல் தசையின்றித் தோல் மட்டுமே போர்த்தியிருப்பதால், தண்டின் சொரசொரப்பான பிடிப்பகுதி உரசினால் தோல் எளிதில் வழன்றுவிடும்.

நிலை: 450 மி.மீ. விட்டமுள்ள தட்டுகளைப் பூட்டினால், தண்டின் மையம் தரையிலிருந்து 225 மி.மீ. உயரத்தில் நிற்கும். பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர்மேலே தண்டு வருமாறு, கணைக்கால் அதிலிருந்து இரண்டு மூன்று சென்றிமீற்றர் தள்ளியிருக்க நிற்க வேண்டும். தண்டைப் பிடித்தபின், கணைக்கால் அதை இலேசாகத் தொடும்வரை முழங்காலை மடித்தால் போதும். இடுப்பை மிகவும் தாழ்த்தினால் முழங்கால் முன்தள்ளி, ஏறும் தண்டின் வழியை மறிக்கும்; உராய்வுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதற்கு அஞ்சித் தண்டை உடலிலிருந்து விலக்கினால் சுமை கீழ்முதுகில் ஏறும்.

இறக்கல்: முதலில் இடுப்பைப் பின்னே தள்ள வேண்டும், தண்டு முழங்காலைக் கடந்த பிறகே முழங்காலை மடிக்க வேண்டும்.

காப்பு: நீண்ட காலுறை உராய்வைக் குறைக்கும். சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனப் போட்டிகளில் டெட்லிஃப்டின்போது அது கட்டாயம். தோல் கிழிந்தால் காயத்தைச் சோப்பு நீரால் கழுவி மூடுவதுடன், தண்டில் பட்ட இரத்தத்தைக் கிருமிநீக்கியால் துடைப்பதும் அவசியம்.

அன்றாடப் பயன்: புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையின் மணற்பாங்கான தோட்டங்களில் மரக்கறி மூட்டை தூக்குவோருக்கும் அடிப்படை இதுவே: சுமையை உடலோடு ஒட்டிவைத்து, முதுகை வளைக்காமல், காலாலும் இடுப்பாலும் எழ வேண்டும்.