ஜெர்மனியின் சுயதொழில் வதிவிட அனுமதி

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து, யாரிடமும் சம்பளத்துக்குச் சேராமல் சொந்தத் தொழில் செய்ய விரும்புவோருக்கு ஜெர்மனி வழங்கும் நீண்டகால அனுமதி. 2005இல் நடைமுறைக்கு வந்த வதிவிடச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இதற்கு அடிப்படை.

கடையோ நிறுவனமோ தொடங்குபவர், அத்தொழிலால் நாட்டுக்கு நன்மை உண்டு அல்லது அவ்வட்டாரத்தில் அதற்குத் தேவை உண்டு என்பதையும், முதலுக்குப் பணம் இருப்பதையும் காட்ட வேண்டும். மொழிபெயர்ப்பாளர், இதழாளர், ஓவியர், கட்டடக் கலைஞர் போன்ற தனித்தொழிலர்களுக்கு விதி சற்று இளகியது. இவர்கள் யார் யார் என்பதை வருமானவரிச் சட்டத்தின் 18ஆம் பிரிவு வரையறுக்கிறது. இவர்களுடைய விண்ணப்பத்துக்கு வலுச் சேர்ப்பவை வேலை தர முன்வருவோரின் கடிதங்கள். என்ன வேலை, எவ்வளவு காலம், என்ன ஊதியம் என்று தெளிவாக எழுதிக் கையொப்பமிட்ட இரண்டு கடிதங்கள், பொதுவான பாராட்டுரைகள் பத்தைவிட மேலானவை. மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணக் காப்பீடு போதாது. 45 வயதைக் கடந்தவர் முதுமைக்கால வருவாய்க்குப் போதிய ஏற்பாட்டையும் காட்ட வேண்டும்.

அனுமதி அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்கு, பின்னர் நீட்டிக்கலாம். தொழில் முனைவோர் வெற்றி கண்டால் 3 ஆண்டுகளிலேயே நிரந்தரக் குடியிருப்பு கோரலாம். தனித்தொழிலர் பொதுவாக 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஒரே உழைப்புக்கு இரு அளவுகோல் வைப்பது நியாயமாகத் தோன்றவில்லை.

அமெரிக்கர், ஜப்பானியர் போன்றோர் விசா இல்லாமலே நுழைந்து அங்கேயே விண்ணப்பிக்கலாம். இந்தியர்கள் புறப்படும் முன்பே தேசிய விசா பெற வேண்டும். சுற்றுலா விசாவில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்பக் கூடாது.